குகைக்குள் நிற்கும் ஊர்மிளா

ஆக்லாந்து
8.3.1988

அன்பு ஊர்மிக்கு,

நான் சுகம். நீயும் நவுசோரி வீடும் சுகமா?

இங்கே அச்சகத்து நண்பர்கள் சனிக்கிழமை மதியம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருவர் இடத்தை வருணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். இப்போது வருணிப்பது நான்தான்! கல்யாணமான வருஷம் நாம் போன குகையை அப்படியே வைத்தேன். தவழ்ந்து நுழையும் வாசல், உள்ளே மண்டபம் மாதிரி உயரம், நீர் சொட்டி வளர்ந்த வெள்ளைத் தூண்கள், வௌவால் கூட்டம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். உனக்கும் ஒரு வேஷம் உண்டு, பெயர் ஊர்மிளாவேதான். இடப்பக்கம் காய்ந்த பாதை, வலப்பக்கம் இடுப்பளவு தண்ணீர். எதில் போகிறாய்?

உன்னை அழைக்கும் விசா பாரத்தை இந்த வாரம் போட்டுவிடுவேன். பள்ளிக்கூட வேலையை ராஜினாமா செய்துவிடு.

உன் சிவன்

நவுசோரி
29.3.1988

என் அன்புக்குரிய உங்களுக்கு,

விசா வருமென்று பார்த்தால் வௌவால் வந்திருக்கிறது! மூன்று தடவை படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஜெயித்தால் என்னதான் கிடைக்கும்?

ராஜினாமா கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியை இந்திராவதி டீச்சர் அதை மே கடைசியில்தான் மேலிடத்துக்கு அனுப்புவாராம். அனுப்பிவிட்டால் வேலை திரும்பக் கிடைக்காது. போன வருஷம் ஆட்சியைப் பிடித்த ராணுவத்துக்காரர்கள் இன்னும் பாலத்தில் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரையும் கிளறினார்கள்.

ஆமாம், குகைக்குள் நுழையுமுன் ஊர்த் தலைவர் முன் வழக்கப்படி காணிக்கையாக யங்கோனா வேர் வைத்து அனுமதி கேட்டீர்களா? கேட்காமல் போனால் அந்த ஊர்மிளா எப்படி உருப்படுவாள்? சரி, நான் தண்ணீர் வழியே போகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்மிளா

ஆக்லாந்து
24.4.1988

அன்பு ஊர்மி,

யங்கோனாவை மறந்தது என் தப்புதான், சேர்த்துவிட்டேன். ஆட்டத்திலேயே அதுதான் நல்ல இடம் என்கிறார்கள்.

ஒரு விஷயம், கோபிக்காதே. உன் பதில் வர மூன்று வாரம் ஆகிறது. அதுவரை ஊர்மிளா சும்மா நிற்க முடியாதே! அதனால் உனக்குப் பதிலாக சோனம் ஆடுகிறாள். நம் தீவுப் பெண்தான், ட்ராசா ஊர்க்காரி, இதே அச்சகத்தில் வேலை. நான் நிறையச் சொல்லியிருப்பதால் அச்சு அசல் உன்னைப் போலவே பேசுகிறாள். அவள் இடப்பக்கம் போய்விட்டாள். இனித் திரும்ப முடியாதாம்.

பாரத்தில் என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வேலையை விட்டாயிற்றா?

சிவன்

நவுசோரி
17.5.1988

உங்களுக்கு,

குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீரில் இறங்கிய நான் எங்கே? இருக்கிறேனா, முழுகிவிட்டேனா? அதையாவது எழுதியிருக்கலாம். கோபம் சோனம் மேலா, உங்கள் மேலா, அந்தப் பகடை மேலா, எனக்கே தெரியவில்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலும் இருக்கலாம். பக்கத்து வீட்டு ஜான்கி, "அக்கா, நீ போறியா, இல்லியா?" என்று கேட்டாள்.

ராஜினாமா கொடுத்ததை எழுதியும், வேலையை விட்டாயிற்றா என்று கேட்கிறீர்கள். ஒன்று மட்டும் தெரிகிறது. ஒரு கையெழுத்துக்கு நேரமில்லாதவருக்குக் குகைத் தூண் ஒவ்வொன்றையும் சொல்ல நேரம் இருந்திருக்கிறது.

இன்று காலை ராஜினாமாவைத் திரும்பக் கேட்டேன். இந்திராவதி டீச்சர் ஏன் என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அவர் கேட்காததற்குத்தான் அழுதேன்.

பாரம் போட்டால் போடுங்கள், போடாவிட்டால் போகட்டும். சோனம் அவள் பெயரிலேயே ஆடட்டும். என் பெயர் எனக்கு இங்கே வேண்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஊர்மிளா