ஆறு கையெழுத்துகள்

14.10.86 செவ்வாய்
காலையிலிருந்து சாரல். குடைக் கம்பி ஒன்று ஒடிந்தது. வாங்க: சாக்பீஸ், மண்ணெண்ணெய், பல்வலி மாத்திரை.

மாலை 5க்கு எஸ்டேட் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், முதியோர் வகுப்பு. ஒன்பது பெண்கள். வேலை முடிந்து நேராக வந்துவிட்டார்கள், தலையில் கோணிச்சாக்கோடு. இன்று 'உரிமை'. சலுகை வேறு, உரிமை வேறு என்று பலகையில் இரண்டு கட்டம் போட்டேன். காளியம்மாள் கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், உரிமைன்னா கேட்டாக் குடுக்கறதுங்களா, கேக்காமயே குடுக்கோணுங்களா?" சட்டம், அது இது என்று சொல்லிச் சமாளித்தேன். வீடு வரும்வரை அதே கேள்வி மண்டைக்குள்.

பாப்பாத்தி முதல் தடவையாகத் தன் முழுப்பெயரையும் பார்க்காமல் எழுதினாள். 'ப்'பிலும் 'த்'திலும் புள்ளி சரியாக. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் இப்போது ஆறு பேர்.

அக்கா கடிதம். சேலத்தில் ஒரு பள்ளியில் இடம் காலியாம். "மலையில் என்னடி பண்ணுகிறாய்?" பதில் போடவில்லை.

17.10.86 வெள்ளி
வகுப்பு இல்லை. பாப்பாத்தியின் சின்ன மகள் செல்வி, இரண்டு வயது, அடுப்பிலிருந்த வெந்நீரை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டது. இடது கால் முழங்கால் வரை வெந்துவிட்டது. பாப்பாத்தி அப்போது காப்பிக் காட்டில். அவள் புருஷன் இறந்து இரண்டு வருஷம். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது மூத்தவள் ராணி. அவளுக்கே ஆறு வயது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராணி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மா என்ன அடிக்கவே இல்லீங்க டீச்சர்" என்றாள். அடித்திருந்தால் தேவலை என்பது போல இருந்தது அந்த முகம்.

20.10.86 திங்கள்
செல்வி பிழைத்துக்கொண்டாள். கால் மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை.

மனு எழுதியாயிற்று. இத்தனை பெண்கள் வேலை செய்கிற எஸ்டேட்டில் குழந்தைகளுக்கென்று ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. படித்துக் காட்டினேன். "இது நம்முளுக்குன்னே எழுதிருக்குதுங்களா?" என்று சின்னத்தாயி இரண்டு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு தரமும்.

முப்பத்தொரு பேர். இருபத்தைந்து பேர் ரேகை, ஆறு பேர் கையெழுத்து. ரேகைக்குப் பக்கத்தில் பெயர் எழுத இடம் போதவில்லை, விட்டுவிட்டேன். ஆறு பெயர்கள் மட்டும் எடுப்பாக. என் கண்ணுக்கே அழகாக இருந்தன. நானே பஸ் ஏறிப் போய்க் கீழே தொழிலாளர் ஆபீசில் கொடுத்தேன். ஆபீசர் நாற்காலி கொடுத்தார்.

11.11.86 செவ்வாய்
பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காலில் அட்டை.

மனு எஸ்டேட்டுக்கே வந்துவிட்டது. கீழே ஆபீசிலிருந்து 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி, அதே தாளை மேனேஜருக்கே அனுப்பிவிட்டார்கள்.

சின்னத்தாயி சொன்னது: காலையில் எல்லாரையும் ஆபீஸ் முன்னால் நிற்க வைத்தார்களாம். கணக்கெழுதும் ரைட்டர் தாளை விரித்து, எழுதத் தெரிந்தவர்களின் பெயரை மட்டும் வாசித்தாராம். "ரேக ஆருதுன்னு அவுங்களுக்குத் தெரியலீங்க டீச்சர். எங்க ஆறு பேருது மட்டுந்தான் தெளிவா இருந்துது." ஆறு பேருக்கும் இன்றிலிருந்து வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

என்மேல் ஒரு கோபமும் இல்லாமல் சொன்னாள். பிறகு, டீ வைக்கட்டுமா என்று கேட்டாள்.

12.11.86 புதன்
மேனேஜரைப் பார்த்தேன். மரியாதையான மனிதர். காப்பி வரவழைத்தார். "நீங்க படிக்கச் சொல்லிக் கொடுக்கறது நல்ல காரியம்மா. நான் யாரையும் அனுப்பல. மன்னிப்பு எழுதிக் கொடுக்கட்டும், மறுநாளே வேலைக்கு வரட்டும்." சட்டத்தை எடுத்தேன். "அந்த அறை கட்டறதா இல்லையான்னு முதலாளி சொல்லணும்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டேன். ஏன் குடித்தேன்?

என்னை இங்கே வகுப்பெடுக்க அனுப்பிய சங்கத்தின் தலைவரிடம் போனேன். "எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தானே அனுப்பினோம்? மனுவெல்லாம் நம்ம வேலை இல்ல."

பல்வலி.

14.11.86 வெள்ளி
நேற்று ஐந்து பேர் என் அறைக்கே வந்துவிட்டார்கள். பாப்பாத்தி வரவில்லை. "மன்னிப்ப நீங்களே எழுதிக் குடுத்துருங்க டீச்சர். கீழ ஊருல எங்களுக்கு ஆருமில்லீங்க. இந்த ஊட்ட உட்டா எங்க போறது?" என்றாள் காளியம்மாள். இந்தத் தடவை அவள் உரிமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இன்று எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையால். 'பிறர் தூண்டுதலால் பொய்யான புகார் கொடுத்துவிட்டோம்.' பிறர் நான்தான். பொய்யான என்ற இடத்தில் நிறுத்தினேன். ரைட்டர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிவிட்டேன்.

ஐந்து பேரும் போட்டார்கள். தப்பில்லாத கையெழுத்து.

கடைசியில் பாப்பாத்தி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. தாளை வாங்கிப் போடுவாள் என்று பார்த்தேன். விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். பொ... ய்... யா... ன. பாடப் புத்தகத்துக்கு வெளியே அவள் வாசித்த முதல் சொல். எனக்குத் தெரியும், அந்த எழுத்துகளை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"எம்புள்ள காலு வெந்தது பொய்யுங்களா டீச்சர்?"

ரைட்டர் ஜன்னலைப் பார்த்தார். "சும்மா ஒரு வார்த்தை பாப்பாத்தி, போட்டுரு. வீடு வேணும்ல" என்று சொன்னது நான். வேறு யாரும் இல்லை, நான்.

தாளை மடிக்காமல், கசக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

16.11.86 ஞாயிறு
பாப்பாத்தி போய்விட்டாள். ஆத்தூர்ப் பக்கம் ஒன்றுவிட்ட தம்பி வீடு. வைத்துக்கொள்வானா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு மூட்டை, ஒரு அலுமினியக் குடம். ராணி குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்வியின் காலில் புதுத்தோல், பளபளவென்று ரோஜா நிறத்தில்.

பஸ் ஸ்டாண்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். மன்னிச்சுடு என்றேன். "நீங்க என்ன பண்ணுவீங்க. நொம்ப நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். பஸ் கிளம்பும்போது, "போற எடத்துல எழுதத் தெரியும்னு சொல்ல மாட்டனுங்க டீச்சர்."

கொண்டை ஊசி வளைவு வரை பஸ் சத்தம் கேட்டது.

எழுதத் தெரியாத இருபத்தைந்து பேர் பத்திரமாக இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப இதையே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வேறு விடை வரவில்லை.

17.11.86 திங்கள்
மழை விட்டுவிட்டது. வெயில், ஆனால் குளிர்.

மாலை 5 முதல் 6¼ வரை லைனில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கதவுகளுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம். ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள்.

திரும்பும் வழியில் ஒற்றையடிப் பாதையில் எதிரே சின்னத்தாயியும் காளியம்மாளும், தலையில் விறகு. இருவரும் இறங்கி ஓரமாக நின்று வழி விட்டார்கள். மேஸ்திரிக்கும் ரைட்டருக்கும் நிற்பது போல. நானும் நின்றேன். நான் தாண்டிப் போன பிறகு பின்னாலிருந்து சின்னத்தாயி, குரலைத் தாழ்த்தி:

"பாத்துப் போங்க டீச்சர். அங்க வழுக்குது."