மூன்று வேளையும் ஆச்சு

நாள் 203. காலை 08:10
இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் ஜெசிந்தா, மனநல ஆய்வாளர். ஒருவரின் உடல் ஏன் சோற்றை மறுக்கிறது என்பதுதான் என் இருபது வருடப் பிழைப்பு. செவ்வாயைச் சுற்றித் திரும்பும் இந்த விண்கப்பலில் இரண்டே பேர்: நானும், எஞ்சின் பார்க்கும் சுடலைமுத்துவும். ஷிப்ட் வேறு வேறு, சேர்ந்து சாப்பிடுவதில்லை. என் ஆய்வு அவர் பசியைப் பற்றியது. எடை நாற்காலியை முதல் மாதமே அணைத்துவிட்டேன். எடை பார்க்கப் பார்க்கச் சாப்பாட்டின் மேல் பயம்தான் வளரும். அதற்குப் பதிலாக மூன்று வேளையும் உள்தொடர்பில் கேட்கிறேன்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு டாக்டர்."

அறுநூறு தடவை கேட்டாயிற்று, ஒரு வேளைகூடத் தவறவில்லை. இவ்வளவு சமர்த்தான ஆள் எனக்குப் பூமியில் வாய்த்ததே இல்லை.

நாள் 209. மதியம் 13:25
சுடலைமுத்து எஞ்சின் அறையில் மயங்கிக் கிடந்தார். தொளதொள சட்டையைக் கழற்றினால் உள்ளே வெறும் எலும்பு. அழுதுவிட்டேன். ஸ்கேனில் தொண்டையும் வயிறும் சுத்தமாக இருக்கின்றன. அலமாரியில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலங்கள், ஐம்பது நாளுக்கானவை, தேதி வாரியாக அடுக்கியிருக்கிறார்.

நாள் 209. மாலை 16:40
படுக்கையிலிருந்து அவர் பேசிய உள்தொடர்புப் பதிவு, அப்படியே:

"கஞ்சித் தண்ணிதான் கொஞ்சம் எறங்குது டாக்டர். மத்ததெல்லாம் தொண்டையிலயே நிக்கி."

"ஏன் சுடலை பொய் சொன்னீங்க?"

"பொய்யின்னு நெனைக்கல. சாப்ட்டாச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதான சொல்லணும்? இல்லன்னா கேட்டவங்களுக்குச் சங்கடம்லா."

நான் கேட்டது ஆராய்ச்சிக் கேள்வி. அவர் காதில் விழுந்தது வீட்டுக்கு வந்தவரை விசாரிக்கும் வார்த்தை. இது எனக்கு உறைக்காமல் போயிற்றே. என் ஊரிலும் அப்படித்தானே சொல்வோம்!

நாள் 211. காலை 09:05
காரணம் தெரிந்தது. திரும்பி வருவதற்கான எரிபொருள் முழுவதும் நாள் 160-இல் கசிந்து போய்விட்டது. அலாரத்தை அணைத்து, அளவுமானியைத் திருத்தி, தனியாகவே சுமந்திருக்கிறார். "சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னுதான் டாக்டர்" என்றார். அன்றைக்கு அடைத்த தொண்டை, சொல்லி முடித்ததும் திறந்தது. என் கண் முன்னால் மூன்று ஸ்பூன் ரசம் சாதம் சாப்பிட்டார். வீடு திரும்ப முடியாது என்று தெரிந்த அதே மணி நேரத்தில் நான் சந்தோஷப்பட்டேன். பூமிக்குத் தகவல் அனுப்பிவிட்டேன்.

நாள் 214. காலை 07:30
சுடலைமுத்து இறந்துவிட்டார்.

பட்டினி கிடந்த உடம்புக்குச் சாப்பாட்டைத் துளித்துளியாகத்தான் பழக்க வேண்டும், இல்லையென்றால் இதயம் நின்றுவிடும். இதைப் பாடப் புத்தகத்தில் எழுதியவளே நான்தான். அவர் போதும் போதும் என்றார். நான் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம், எனக்காக" என்று பிரித்துப் பிரித்து ஊட்டினேன். விருந்தாளிக்குப் பரிமாறுவது போலப் பரிமாறிக் கொன்றேன்.

நாள் 216. காலை 11:15
பூமியிலிருந்து, என்னோடு பதினாறு வருடம் வேலை பார்த்த முபாரக்கின் குரல்:

"டாக்டர், எல்லா வழியும் பார்த்துட்டாங்க. உங்களை வந்து மீட்க எந்தக் கப்பலாலயும் முடியாதாம். என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுங்க."

நாள் 231. மதியம் 12:50
முபாரக் மூன்று வேளையும் கேட்கிறார். அவர் வேலை இப்போது அது ஒன்றுதான்.

இரண்டு பேருக்கான சாப்பாடு இருக்கிறது. வாய்வரை போகிறது, அதற்குமேல் போகவில்லை. ஸ்கேன் எடுத்தேன். தொண்டை சுத்தம்.

எனக்குத் தெரிந்த சிகிச்சை ஒன்றுதான்: யாரிடமாவது சொல்ல வேண்டும். ஊட்டிக் கொன்றதை நான் பூமிக்குச் சொல்லவில்லை. "மாரடைப்பு" என்றுதான் அனுப்பினேன்.

நாள் 240
நேரம் பார்க்கவில்லை. எடை நாற்காலியை மறுபடி இயக்கி உட்கார்ந்தேன். பார்த்துவிட்டு அணைத்தேன். சுடலையின் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் என்னுடையவை. நானும் தேதி வாரியாகத்தான் அடுக்கியிருக்கிறேன்.

நாள் 252
இன்று சொல்லிவிடலாம் என்று மைக்கை எடுத்தேன். அதற்குள் முபாரக்கின் குரல் வந்தது. அழுதிருக்கிறார்.

"டாக்டர், காலையிலேர்ந்து ஒங்க பதிலுக்காகத்தான் உக்காந்திருக்கேன். எனக்கும் ஒண்ணும் எறங்கல. சாப்ட்டாச்சா?"

அனுப்பினேன்:

"ஆச்சு முபாரக். நீங்க போய்ச் சாப்பிடுங்க."