நீ தனியே வர வேண்டாம்

வெல்லாவெளி,
புரட்டாதி, திங்கட்கிழமை.

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், அதை அப்படியே நம்பிவிடாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் முழங்கால் வலி இருந்தபடி இருக்கிறது, சின்னம்மா றஜனிக்குத் தடிமன் வந்து மாறிவிட்டது, சிவப்பி இரண்டாவது கன்று போட்டிருக்கிறாள். ஆனால் போனில் உன் குரல் பதிவு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இதை வாசிக்கும்போது நீயும் மருமகள் ஹாவாவும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கண்ணகை அம்மனைக் கேட்டுக்கொண்டுதான் பேனையைப் பிடித்தேன்.

இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் அனுப்புவதெல்லாம் ஒரே ஒரு சரி அடையாளத்தோடு நிற்கிறது, இரண்டாவது அடையாளம் விழுவதே இல்லை. விழுந்தாலும், உங்கள் பக்கத்துச் சோதனைச் சென்றிகளில் போனைப் பறித்து எல்லாவற்றையும் கேட்கிறார்களாம். காகிதத்தில் தமிழில் எழுதினால் அவர்களுக்கு விளங்காது. ஓட்டமாவடி இர்ஷாத் லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்புகிறான். நிவாரண லொறி ஓட்டுகிற வேலைக்குப் பக்கத்து நாட்டில் இறங்கித்தான் உங்கள் நகரத்துக்கு வருவானாம். அங்கே உன்னோடு ஒன்றாகச் சாப்பிட்டவன் என்பதற்காக மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம் எங்களைப் பார்க்க வந்தான். அவன் கையில்தான் இதைக் கொடுக்கிறேன், கூடவே வறுத்த மாவும் கொஞ்சம் கருவாடும். கருவாட்டு வாசம் பிடித்துச் சென்றிக்காரன் அவனைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் சரி.

நீ வேலை செய்கிற நாட்டின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் பிரிந்துநின்று சண்டை பிடிப்பதை டீவியில் படம் போட்டுக் காட்டினார்கள். வடக்குக்கு ஒரு நிறம், தெற்குக்கு ஒரு நிறம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. நீ இருக்கிற நகரம் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அப்பா எழும்பிப் போய் விரலால் அளந்தார். டீவியில் விரல் வைத்து அளந்து என்ன கிடைக்கப்போகிறது என்று ஏசினேன். அவர் மாட்டைப் பார்க்கப் போனதும் நானும் போய் அளந்தேன். மகன், எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே ஷெல் அடித்த காலத்திலும் பயந்தேன், ஆனால் அப்போது நீ என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய். பயந்தால் உன்னை இழுத்து அணைத்துக்கொள்ளலாம். இப்போது பயந்துகொண்டு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

உன் குரல் வந்த அன்று உண்மையில் சந்தோஷப்பட்டேன். நெல் கம்பனி வெளிநாட்டு ஆட்களை ஏற்ற விமானம் பிடித்திருக்கிறது, எனக்கு ஒரு இடம் இருக்கிறது, மூன்று கிழமையில் கொழும்பில் இறங்கிவிடுவேன் என்று நீ சொன்னதைக் கேட்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். மற்றது காதில் ஏற நேரம் எடுத்தது. ஹாவா வடக்குப் பிள்ளை, இந்த நேரம் தெற்கில் வைத்திருக்க ஏலாது, விமானத்தில் அவளுக்கும் பிள்ளைக்கும் இடமில்லை, ஆகவே இரண்டு பேரையும் வடக்கே அவளுடைய தாய் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடப் போகிறேன் என்று சொன்னாய். பிறகு சிரித்துக்கொண்டு, நம்மட கொம்பு நாளில் அப்பா ஆச்சி வீட்டுக்குப் போன மாதிரித்தானம்மா, கொம்பு முறிந்ததும் திரும்பி வந்தாரே, அது போலத்தான் என்றும் சொன்னாய்.

மகன், உனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் நீ பார்த்தது விளையாட்டு. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த மரக் கொம்பு இரண்டை ஒன்றோடொன்று மாட்டி, வடம் பிடித்து இழுத்து, எவருடைய கொம்பு முறிகிறது என்று பார்க்கிற அம்மன் விளையாட்டு. யார் எந்தப் பக்கம் என்பது தகப்பன் வழியில் வருவது, அதனால் அப்பா வடசேரி, நான் தென்சேரி. வீடு எனக்குச் சீதனமாக வந்த வீடு, ஆகவே கோபித்துக்கொண்டு போக வேண்டியவர் அவர்தான். தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் தாய் வீட்டுக்குப் போவார், போகிற வழியில் வேலிக்கு மேலால் என்னை நக்கலடிப்பார், நானும் விடமாட்டேன். அந்த ஆச்சி வீட்டில் சமைத்த கறியில் பாதி இங்கேதான் வரும். தோற்ற பக்கம் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும், பிறகு பூசாரி இரண்டு பக்கத்துக்கும் ஒரே செம்பிலிருந்து தண்ணீர் தெளிப்பார், அத்தோடு முடிந்தது. அதற்கு முடிகிற நாள் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சண்டைக்கு யார் தண்ணீர் தெளிக்கப்போகிறார்கள்? இந்தப் படிப்புப் படித்த நீ இதையும் அதையும் எப்படி ஒன்றாக நினைத்தாயோ தெரியவில்லை.

ஆனாலும் நீ வருவாய் என்பதிலேயே என் மனம் நின்றது. இர்ஷாத் வந்தபிறகுதான் எல்லாம் மாறியது. நீ அனுப்பிய குரலில், உன் பேச்சுக்குப் பின்னால் ஹாவா ஏதோ சொல்வது கேட்கிறது, நடுவில் சர்மிலா அழுகிறாள். பேத்தியின் அழுகைக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன், தாய் சொல்வது எனக்கு விளங்காது. இர்ஷாத்துக்கு அந்தப் பாஷை கொஞ்சம் வரும். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவன் போனைக் கீழே வைத்தான். விடாமல் கேட்டபிறகு, அம்மா, தெற்கான் பெண்டாட்டி எண்டு அங்க எனக்குக் கதவு திறக்க ஆளில்ல, நீங்க போங்க, பிள்ளையையாவது மடியில வச்சுக் கொண்டு போங்க எண்டு சொல்றா என்றான். அவளுடைய ஆட்களுக்குத் தெற்கில் வேலை செய்கிற நீயும் தெற்கான்தானாம். நீ எனக்கு அதைச் சொல்லவே இல்லை, மகன். நான் கேட்டால் தாங்கமாட்டேன் என்று நினைத்தாயா, அல்லது உனக்கே கேட்க விருப்பமில்லையா.

றஜனி அப்போது குசினி வாசலில் நின்றாள். சுளகை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்து, அக்கா, அவனைத் தனிய வரச் சொல்லாதகா என்றாள். தன் புருஷனை நினைத்துத்தான் சொன்னாள். குணசீலன் சித்தப்பா போனபோது நீ சின்னப் பிள்ளை, அதனால் சொல்கிறேன். அவர் கிளிநொச்சி ஆள், டவுனில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். இயக்கம் வடக்கு, கிழக்கு என்று இரண்டாக உடைந்தபோது வடக்கு ஆட்கள் மட்டக்களப்பை விட்டுப் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். அதுவரை ஒரே சோற்றைச் சாப்பிட்டவர்கள்தான். ரெண்டு கிழமை றஜனி, சத்தம் அடங்கினதும் வந்திடுவன், நீ இங்க உன்ர வீட்டில பத்திரமா இரு என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறினார். அது அவளுடைய வீடு, விட்டுப் போக வேண்டாம் என்று எல்லோருக்கும் அதுவே சரியாகப் பட்டது. சத்தம் அடங்கவில்லை. கிழக்கில் குடும்பம் வைத்திருக்கிறவன் என்று அங்கே அவரை நம்பவில்லை, அங்கே போய் இருந்தவன் என்று இங்கே விடமாட்டார்கள். முதலில் போன் வந்தது, பிறகு பாதை பூட்டிய பின் யாராவது கொண்டுவந்த சொல் வந்தது, பிறகு அதுவும் இல்லை. கடைசிச் சண்டைக்குப் பிறகு முகாம் முகாமாகத் தேடினோம். இன்றைக்கும் அவள் பொட்டு வைக்கிறாள், வைக்காமல் விடு என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது.

ஆகவே இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். விமானம் போகட்டும், நீ அதில் வராதே. இர்ஷாத்தின் லொறிகள் சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகக் கிழக்கு எல்லைக்குத் திரும்புகின்றன. குடும்பத்தோடு இருக்கிற வெளிநாட்டு ஆட்களை ஏற்ற அவர்களுக்கு அனுமதி இருக்கிறதாம், கல்யாணப் பதிவைக் காட்டினால் ஹாவாவையும் பிள்ளையையும் ஏற்றலாம் என்கிறான். பயமில்லாத பாதை என்று அவனும் சொல்லவில்லை, அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. விமானம் பாதுகாப்பு, லொறி அப்படி இல்லை, எனக்கு அது விளங்கும். அப்பா இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மகன் முதல்ல வந்து சேரட்டும், மிச்சத்தப் புறகு பாப்பம் என்கிறார். எனக்கிருப்பது ஒரே மகன், அவனை நீயே குண்டுக்குள் நிறுத்துகிறாயா என்றும் கேட்டார். போய்க் கிணற்றடியில் அழுதேன். அவர் சொல்வதும் பிழையில்லை. ஆனால் நீ தனியே வந்து இறங்கினால் நான் உன்னைக் கட்டிப்பிடிப்பேன், அழுவேன், சோறு போடுவேன், அதோடு உன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீயும் பார்ப்பாய். றஜனி பார்க்கிறதை நான் ஒவ்வொரு நாளும் காண்கிறேன், இன்னொரு ஆள் அப்படிப் பார்ப்பதை இந்த வீடு தாங்காது.

புறப்படும் வரை ஜன்னல் பக்கம் படுக்க வேண்டாம். செருப்பைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு தூங்குங்கள். சத்தம் கேட்டதும் எட்டிப் பார்க்கப் போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். சென்றிகளில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன் பகிடிகளை வீட்டுக்கு வந்து விடலாம். பிள்ளைக்குப் பால்மா கிடைக்காவிட்டால் மாவைத் தண்ணீராகக் காய்ச்சிக் கொடுக்கலாம். ஹாவாவிடம் சொல், இங்கே வீடு பெண்ணுக்குத்தான், எனக்குப் பெண் பிள்ளை இல்லை, ஆகவே வருகிறவளுக்குத்தான் இந்த வீடு, கதவைத் திறக்க நான் இருக்கிறேன் என்று. அப்படியே அவளுடைய பாஷையில் சொல், சுருக்கிச் சொல்லாதே.

அம்மன் உங்கள் மூன்று பேரையும் தன் கண்ணுக்குள் வைத்திருக்கட்டும். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விடாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும், கோபத்தோடு இருந்தாலும் அப்பாவும், சின்னம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒரு விஷயம், இதை மறக்கவே கூடாது. வழியில் எந்தச் சென்றியிலும் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று பிரித்தால் பிள்ளையை ஹாவாவிடம் கொடுக்காதே, நீ தூக்கிக்கொள். சர்மிலா தாயைக் கேட்டு அழுவாள், அழட்டும், தேற்றாதே. அப்படி அழுகிற பிள்ளையைக் கனநேரம் பக்கத்தில் வைத்திருக்க எந்த ஆமிக்காரனாலும் ஏலாது. பட்டிருப்புப் பாலத்தில் ஆமி அப்பாவை ஒதுக்கி நிறுத்தியபோது நீ அவர் தோளில் இருந்தாய், என்னைக் கேட்டு அழுதாய். அன்றைக்கு ஒதுக்கி நிறுத்திய மற்ற ஆண்களில் ஒருவரும் வீடு திரும்பவில்லை. அப்பாவை மட்டும் உன்னோடு சேர்த்து என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

இப்படிக்கு,
உன் வரவை, உங்கள் மூவரின் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
நல்லரத்தினம் பூமணி