இறங்காத கவளம்

மார்ச் 4

இன்று எடைமேடையில் நானே ஏறி நின்றேன். லாரி வராத நேரம் பார்த்துத்தான். எங்கள் மேடை டன் கணக்கில் நிறுப்பது; பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. எண்பது என்று காட்டியது. முத்திரை குத்திய மேடை பொய் சொல்லுமா? வீட்டுத் தராசு எண்பத்து நாலரை என்கிறது. அது குளியலறை ஈரத்தில் கெட்டுப்போன சாமான். போன மாதம் எண்பத்து ரெண்டு காட்டியது. ஆக, கெட்டுப்போய்க்கொண்டே இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்து வந்த டிரைவர் மீசை, லாரியை மேடையில் ஏற்றிவிட்டுத் தலையை நீட்டினான். "அண்ணே, பாதி ஆளைக் காணோமே, எங்க இறக்கிட்டு வந்தீங்க?"

"வயித்துல பட்டை போட்டு ரெண்டாப் பிரிச்சுட்டாங்கடா. மேல ஒரு கைப்பிடி வயிறு, அது நிறைஞ்சா போதும்னு ஆயிடும். மயக்க மருந்தே வேணாம்னேன். டாக்டர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதாலதான் ஒத்துக்கிட்டேன்."

வாயைப் பிளந்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேன் என்றால் சும்மாவா? அதற்கு மேல் படித்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

மத்தியானம் ஜெனரேட்டர் அறையில் தாழ் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். ரொட்டி. மென்றேன், மாவு கூழாகிற வரைக்கும் மென்றேன். ரெண்டாவது வாயே நெஞ்சில் நின்றுவிட்டது. உமிழ்நீர் குழாய் திறந்த மாதிரி ஊறுகிறது. பிறகு வழக்கம்போல.

வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மீசை நிற்கிறான். "என்னண்ணே, கண்ணு கலங்கியிருக்கு?" "டீசல் புகைடா" என்றேன்.

மார்ச் 9, சனி

ஆஸ்பத்திரிக் கூட்டம். பட்டை போட யோசிக்கிறவர்களுக்கு மாதா மாதம் நடத்துகிறார்கள். நான்தான் பேச்சாளர். வாசலில் என் படம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது — என் பழைய பேண்டின் ஒரே காலுக்குள் முழு ஆளாக நிற்கிறேன். அதைப் பார்த்தாலே பாதிப் பேர் முடிவு பண்ணிவிடுகிறார்கள், டாக்டர் பேச வேண்டியதே இல்லை.

இன்று பிளந்து கட்டினேன். படியில் நாலு நாலாக ஏறுகிறேன் என்றேன். பஸ்ஸில் பெண்கள் எனக்கு இடம் கொடுக்கிறார்கள் என்றேன். (கொடுத்தது ஒரு வயதானவர். நான் சோர்ந்து கம்பியைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்து.) ஒருத்தர் கேட்டார், "வாந்தி வருமாமே?"

"வாந்தியா? அது பச்சைக் குழந்தைங்க எடுக்கிறது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். சிரிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, கவனித்தேன்.

கடைசி வரிசையில் எழுந்து நின்று கைதட்டியது யார் என்று பார்த்தால் — சிட்டு. அக்காவின் மூத்த மகள். சின்ன வயதில் ஒல்லிக்குச்சி, அதனால் வைத்த பேர். இப்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள்தான் அவமானப்படாமல் "என்ன மாமா?" என்று திரும்புவாள்.

"மாமா, நானும் போட்டுக்கப் போறேன். அடுத்த மாசம் மூணாம் தேதி. உங்களுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு சொல்லல."

துணிக்கடையில் கவுண்டரில் நின்று கொண்டிருந்தவளைப் பின்னால் கிடங்கில் போட்டிருக்கிறார்களாம். முன்னால் நிற்க ‘பார்வையாக’ ஒரு பெண் வந்திருக்கிறாள். முதலாளி நேரில் ஒன்றும் சொல்லவில்லை. "உனக்கு மூட்டு வலிக்கும், உள்ள உட்காரு" என்று அக்கறையாகச் சொன்னாராம். அக்கறை! வெல்லத்தில் தோய்த்த செருப்பு.

"உங்களைப் பார்த்துத்தான் மாமா தைரியம் வந்துச்சு" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "சபாஷ்" என்றேன்.

மார்ச் 10

தூங்கவில்லை. படுத்தால் புளிப்பு தொண்டைக்கு ஏறுகிறது. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்த வாக்கில் — ராஜா மாதிரி.

மார்ச் 15

வீட்டுக்காரி இன்று வாயைத் திறந்தாள். அவள் திறந்தால் மூடுவதற்கு நான் வெளியே போக வேண்டும்.

"அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"எந்த உண்மை?"

"குளியலறைக் கதவுக்குத் தெரியுமே, அதைக் கேளுங்க."

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். காலி டப்பா. "சோறு இறங்காது, முட்டை இறங்காது. இது மட்டும் வழுக்கிக்கிட்டு இறங்குது. அப்புறம் தராசு கெட்டுப்போச்சுன்னா?"

நியாயம்தான். ஆனால் அவளும் யோசிக்க வேண்டாமா? மனுஷன் நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறான்; தொண்டைக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடிக்காத ஒரே சாமான் அது. அதையும் சாப்பிடாதே என்றால் எதைச் சாப்பிடுவது, காற்றையா?

பட்டை போட்ட புதிதில் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. மூச்சு வாங்காமல் நடந்தேன். செருப்பு வாரைக் குனிந்து நானே மாட்டினேன். அன்றைக்கு வீட்டுக்காரி கண்ணில் தண்ணி. அப்புறம் எடை நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மாதா மாதம் கூட்டத்தில் மேடையேறுகிற ஆள், அதே எடையைச் சொன்னால் கூட்டம் என்ன நினைக்கும்? தோலுக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் ஊசி குத்தித் தண்ணி ஏற்றினால் பட்டை இறுகும். "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க டாக்டர்" என்றேன். "இது போதுமே" என்றார். "எனக்குத் தாங்கும், என் உடம்பு அப்படி" என்றேன். ஏற்றினார். அடுத்த மாதமும் கேட்டேன். ஏற்றினார்.

கயிற்றை எனக்கு நானே இறுக்கிக்கொண்டு, அதை ஊரெல்லாம் மாலை என்று காட்டிக்கொண்டு திரிகிறேன்.

மார்ச் 22

இன்று வெள்ளையாக ஒரு திரவத்தைக் குடிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பட்டை நழுவிவிட்டதாம். மேல் வயிறு பலூன் மாதிரி ஊதிப் பட்டை மேல் கவிழ்ந்து கிடக்கிறது. டாக்டர் ஊசி போட்டுத் தண்ணியையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டார். "இதுக்கும் சரியாகலைன்னா மொத்தமா எடுத்துடணும்" என்றார்.

"எடுத்தா எடை?"

"ஏறலாம்."

அவ்வளவுதான். "ஏறலாம்." மழை வரலாம் என்கிற மாதிரி.

"ஏன் டாக்டர் இப்படி ஆச்சு?" என்றேன். "நீங்கதானே இறுக்கச் சொன்னீங்க" என்கிறார். சொன்னேன். கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவர் டாக்டரா, கடைக்காரரா? லாரிக்காரன் ரெண்டு டன் கூடுதலாக ஏற்றி வந்து குறைத்து எழுது என்பான், அதற்காக நான் எடைச் சீட்டில் குறைத்துப் போட்டுக் கொடுக்கிறேனா? மேடைக்காரன் எனக்கு இருக்கிற வீம்பு அவருக்கு இருந்திருக்க வேண்டாமா?

வெளியே வரும்போது வரவேற்பில் இருக்கிற பெண் சொன்னாள், "சார், இனிமே சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்க சிரமப்பட வேண்டாம்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க." வாசலைப் பார்த்தேன். என் படம் இருந்த இடத்தில் வேறு ஒரு அம்மா, வேறு ஒரு பேண்டு. ஆணி மட்டும் பழையது.

"மூணாம் தேதி என் அக்கா பொண்ணுக்கு இங்கதான்" என்றேன். "ஆமா சார், ரொம்ப தைரியமான பொண்ணு" என்றாள்.

மார்ச் 24

சொல்லிவிட்டேன். சிட்டுவை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன் — வாந்தி, புளிப்பு, நழுவினது, எடுக்க வேண்டி வரலாம் என்பது.

சிரிக்கிறாள்.

"மாமா, நீங்க சொன்னா பாதியைக் கழிச்சுக்கிட்டுத்தான் கேட்கணும்னு அம்மா சொல்லியிருக்கு."

"கழிச்சுக்கோ. மிச்சம் பாதியே பயங்கரமா இருக்குல்ல?"

"பாம்பு கடிச்சு பாம்பு செத்துச்சுன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? நாய் துரத்தி மதில் தாண்டினது? அந்த மதிலை நான் பார்த்திருக்கேன் மாமா. என் முழங்கால் உயரம்."

"இது அப்படி இல்லம்மா."

"ரெண்டு வாரம் முன்னாடி கூட்டத்துல நாலு நாலு படியா ஏறினீங்க. இப்ப நழுவிடுச்சா?"

நாற்பது வருஷமாகக் கூட்டிக் கூட்டிச் சொன்னேன். கழிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்று முதல் தடவையாகக் கூட்டாமல் வைத்தேன், அதிலும் பாதியை எடுத்துவிட்டார்கள். சரக்கை நிறுக்கும்போது லாரி எடையைக் கழிக்க வேண்டியதுதான் — ஆனால் இங்கே லாரியே இல்லையே, முழுக்கச் சரக்கு.

மார்ச் 25

அக்கா போனில். "டேய், நீ மட்டும் இளைச்சு மினுக்கிக்கிட்டுத் திரியணும், என் பொண்ணு கிடங்குலயே கிடக்கணும், அதானே உன் எண்ணம்?"

"அக்கா, சத்தியமா—"

"உன் சத்தியத்தை எந்தத் தராசுலடா நிறுக்கிறது? வைடா போனை."

வைத்தேன். கூடப் பிறந்தவள். நான் செத்தால்கூட, ‘பாதிதான் செத்திருப்பான்’ என்று பாதி அழுகைதான் அழுவாள்.

மார்ச் 28

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்றுக் கை வரவில்லை.

பட்டையை இறுக்கியதிலிருந்து யார் எதிரிலும் நான் சாப்பிட்டது இல்லை. விருந்தென்றால் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பேன். அல்லது தட்டை எடுத்துக்கொண்டு நடந்துகொண்டே பேசுவேன், பேச்சு சுவாரசியத்தில் தட்டை யாரும் பார்ப்பதில்லை. நேற்று நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். "எனக்கும் தட்டு வை" என்றேன். அக்கா முறைத்தாள், ஆனால் வைத்தாள். சோறு என்று கேட்டு வந்தவனுக்கு வைக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

சிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். கோழியும் சோறும். கதை எதுவும் சொல்லவில்லை. பிசைந்தேன், வாயில் போட்டேன், மென்றேன். "என்ன மாமா, இன்னிக்கு ரேடியோ ரிப்பேரா?" என்றாள்.

முதல் வாய் இறங்குகிற மாதிரி போக்குக் காட்டியது. ரெண்டாவது நின்றது. நெஞ்சுக்குள் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. தண்ணி குடித்தேன், அதுவும் மேலேயே நின்றது. வாயில் நுரை. எழுந்து ஓடலாம், பின்பக்கக் கதவு எங்கே என்று தெரியும். ஓடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கட்டும் என்று.

பார்த்தார்கள். தட்டிலேயே வந்தது. சட்டையில் வந்தது. மூக்கில் வந்தது. ஒரு ஆம்பளை தன் அக்கா வீட்டு மேசையில் —

சே. எழுதவே கூசுகிறது.

அக்கா "ஐயோ, தம்பி, தம்பி" என்று முதுகைத் தடவினாள். தம்பி என்று கூப்பிட்டு எத்தனை காலம். சிட்டு அசையவில்லை.

"எவ்வளவு நாளா மாமா?"

"ஆறு மாசம் இருக்கும்."

"அன்னிக்கு மேடையில நின்னு பேசினப்பவும்?"

"ஆமா."

"குழந்தைங்கதான் எடுக்கும்னு சொன்னப்பவும்?"

"பேசுறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அப்புறம் ஒரு தடவை."

அவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினாள்.

ஏப்ரல் 3

சிட்டு போகவில்லை. ஆபரேஷன் ரத்து. அக்காதான் போன் பண்ணிச் சொன்னாள். "உன்கூடப் பேச மாட்டாளாம். ஒரு வருஷமா உன்னை நம்பிக்கிட்டு இருந்தேன்னு அழறா. திரும்பிக் கிடங்குக்கே போறா." எனக்கு எந்த வாயால் சந்தோஷப்படுவது என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 9

பட்டையை எடுத்துவிட்டார்கள். வேறு டாக்டர், வேறு ஆஸ்பத்திரி. ஒரு அம்மா. கறாரான ஆள். "எனக்குத் தாங்கும்" என்று ஆரம்பித்தேன். "அதை நான் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

ஏப்ரல் 27

ரொட்டி இறங்குகிறது. கோழி இறங்குகிறது. எல்லாம் இறங்குகிறது, அதுதான் இப்போதைய கஷ்டம். பசி, இத்தனை நாள் வெளியே நிறுத்தி வைத்திருந்த கடன்காரன் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. மேடை தொண்ணூறு காட்டுகிறது. அது கெட்டுப்போகவில்லை.

மீசை கேட்டான், "அண்ணே, பழைய சரக்கு திரும்பி வருது போல?" "பட்டையைப் பார்த்துட்டு டாக்டரம்மா, இவ்வளவு நாள் இதைத் தாங்கின ஆளை நான் பார்த்ததே இல்லைன்னாங்கடா" என்றேன். சொல்லவில்லை அவர். ஆனால் நினைத்திருப்பார்.

சிட்டுவிடமிருந்து ஒன்றும் இல்லை.

மே 18

காலையில் சிட்டு போன் பண்ணினாள். குரலில் உப்பில்லை. "உங்க டாக்டரம்மாகிட்ட இன்னிக்கு நேரம் வாங்கியிருக்கேன். எனக்கு எது சரியா வரும்னு கேட்கப் போறேன். வழி தெரியாது, வரீங்களா?"

பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போனதும், "நீங்க வெளியில உட்காருங்க மாமா. உள்ள வந்தா பேச ஆரம்பிச்சுடுவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

உட்கார்ந்தேன். பக்கத்தில் நல்ல கனத்த ஆள் ஒருத்தர், சட்டைப் பொத்தான் பிதுங்க, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பட்டை போட்டவரா சார்? எப்படி இருந்துச்சு?"

அந்த முகத்தைப் பார்த்தால் எந்த மேடையிலும் எனக்குக் கிடைக்காத ரசிகர். என்ன சொன்னாலும் நம்புவார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்குச் சரியா வரல" என்றேன். "உங்களுக்கு எப்படின்னு உள்ள இருக்கிற அம்மாகிட்ட கேளுங்க."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. எழுந்து போய் அந்தப் பக்கம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே சிட்டுவின் குரல் கேட்டது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.