அந்தி வெளிச்சத்தில் ஒரு கை

அக்டோபர் 5, சனி

இந்த வாரமும் மெர்சிங் பக்கம் போனோம். பாலன் சிங்கப்பூர் வேலையில் வாரம் முழுக்க அடைபட்டுக் கிடப்பவர். சனிக்கிழமை கேமராப் பையைத் தூக்கினால்தான் அவருக்கு மூச்சு வரும். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அவருக்கு முக்காலி சுமக்கும் ஆளாகிவிட்டேன். குறை சொல்லவில்லை. மாசாயில் பல் கிளினிக்கில் நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்ப்பவளுக்குக் கடல் நல்லதுதான்.

மெர்சிங் தாண்டி, மீனவர் வீடுகள் உள்ள ஒரு சின்னக் கம்பம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைத் திட்டின் முனைக்குப் போய்த் திரும்பி நின்றால், ஆற்றுவாய்க்குள் நுழையும் படகுகள், அவற்றுக்குப் பின்னால் கறுத்த மலை, மலைக்கு மேல் வெளிச்சம். அழகுதான். ஆனால் காலடியில் மீன் குடல், டீசல், யாரோ வீசிய பேம்பர்ஸ். மூக்கைப் பொத்திக்கொண்டேன். "அதெல்லாம் ஃப்ரேம்ல வராது லா" என்றார். இன்று வெளிச்சம் சரியில்லையாம். அடுத்த வாரம் திரும்பவும்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

அந்தப் பாறையில் காற்று அதிகமாக இருந்தது. ஆற்றுவாயில் மணல்மேடு இருக்கும் இடத்தில் அலை உடைந்துகொண்டே இருந்தது. ஒரு சின்னப் படகு, இரண்டு பேர். பின்னால் வந்த அலை அதைத் தூக்கிப் புரட்டிப் போட்டது. ஒருவர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் தள்ளிப் போய்விட்டார் — சிவப்புச் சட்டை போட்ட ஒரு கை மட்டும் மேலே வந்தது, போனது, வந்தது.

என் போன் காரில். அவருடையது அவர் சட்டைப் பையில். போன் பண்ணுங்க என்று கத்தினேன். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானே அவர் பையில் கையை விட்டேன். முழங்கையால் தள்ளினார்.

"ஆட்டாத ரூபி. லைட் போயிடும்."

இதைத்தான் சொன்னார். நான் கூட்டிக் குறைத்து எழுதவில்லை. கேமரா படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் பாறை மேல் ஓடினேன். படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் "தோலோங், தோலோங்", காப்பாற்றுங்கள் என்பதற்கு மேல் மலாயில் எதுவும் வாயில் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர்கள் படகை எடுத்துவிட்டார்கள்.

படகைப் பிடித்திருந்தவர் ரம்லி. அவரைத் தூக்கி வந்தார்கள். அவருடைய தம்பி அஸ்மி கிடைக்கவில்லை.

துறையிலேயே நின்றேன். பாலன் வந்து, பசிக்குது, கிளம்பலாமா என்றார். வழியில் ஒரு கடையில் பொரித்த மீன் வாங்கினார். ஒரு கையால் முள்ளைச் சப்பிக்கொண்டே, இன்னொரு கையால் கேமராத் திரையில் அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். திரையில் எண்ணெய் பட்டது. சட்டையில் துடைத்தார். நான் வெளியே போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

அஸ்மியின் உடல் கரை ஒதுங்கியதாம்.

அக்டோபர் 17, வியாழன்

படத்தை பேஸ்புக்கில் போட்டுவிட்டார். கறுத்த மலை, தங்கத் தண்ணீர், நடுவில் கை. 'கோல்டன் குட்பை' என்று பெயர் வேறு. கீழே வரிசையாகப் பாராட்டு.

எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். செத்தவனை நானா கொன்றேன், எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாதுதான். யார் உங்களை நீந்தச் சொன்னது? போனைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பாரா — தெரியாது. தெரியாமலே போய்விட்டது.

அவருக்குத் தேத்தண்ணி நீட்டும்போது விரல் படாமல் நீட்டுகிறேன். எனக்கே இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

அஸ்மியின் மனைவி நோராய்னி படத்தின் கீழே எழுதியிருக்கிறார். அது என் கணவரின் கை, அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான், பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று.

"மூஞ்சியே தெரியல. கை யாரோடதா வேணா இருக்கலாம்" என்று பாலன் என்னிடம் சொன்னார். பதில் போடவில்லை. எடுக்கவும் இல்லை. போட்டிக்கு அனுப்பியிருக்கிறாராம்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். வந்தவர்கள் முறுக்கைக் கடித்தபடி அதன் முன்னால் நின்று பார்த்தார்கள். செத்துக்கொண்டிருந்த மனிதனின் கை. என் வீட்டுச் சுவரில். நெய்யுருண்டைத் தட்டோடு நான்.

அவருடன் வேலை செய்யும் மகேஸ்வரன், எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். பாலன் ரெண்டே ரெண்டு படம்தான் எடுத்தாராம். அப்புறம் கேமராவைப் போட்டுவிட்டு ஓடினாராம். துறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டது அவர்தானாம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரூபி பயந்துபோயி அழுதுகிட்டே நின்னுட்டா."

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? வீடு நிறைய ஆள், நல்ல நாள் — ச்சீ, இதெல்லாம் ஒரு காரணமா? அடுப்படிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

முதல் பரிசு. பேப்பரில் பேட்டியும் வந்துவிட்டது. ஓடிய கதை அதிலும் இருக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

அந்தப் பேட்டியை யாரோ நோராய்னிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் கூப்பிட்டு வந்தது நீங்கள் என்று தெரியாமல் கோபப்பட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள், ரம்லி அண்ணன் உயிரோடு இருப்பது உங்களால்தான், படம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதியிருக்கிறார். இவர், நன்றிக்குப் பதில் சொல்வதுபோல், "சாமா-சாமா" என்று போட்டார், ஒரு பூவோடு. பிறகு போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்தியா, அவங்களே ஓகே சொல்லிட்டாங்க."

புருஷனப் பறிகொடுத்தவ மன்னிப்புக் கேக்குறா. இந்த ஆளுகிட்ட. இவரும் வாங்கி வச்சிக்கிறாரே. எப்படிச் சோறு இறங்குது?

சாயங்காலம் நானே நோராய்னிக்கு எழுதினேன். ஓடியது நான். என் கணவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் எழுதினேன்.

நவம்பர் 20, புதன்

பதில் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

நோராய்னி எழுதியிருக்கிறார்: "காக், வீட்டுக்கு வாருங்கள்." அக்கா என்கிறார்.

நவம்பர் 24, ஞாயிறு

லார்கினில் பஸ் ஏறித் தனியாகப் போனேன். பாலனிடம் சொல்லிவிட்டுத்தான். அவர் தலையைத் தூக்கவில்லை.

பலகை வீடு. நோராய்னிக்கு முப்பதுகூட இருக்காது. ரம்லி வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, அன்றைக்கு ஓடி வந்தது இவர்தான் என்று நோராய்னியிடம் சொன்னார். பிறகு உள்ளே வரவே இல்லை.

அன்றைக்கு நடந்ததில் நோராய்னி ஒன்றுதான் கேட்டார். "தண்ணீரிலிருந்து அவர் கூப்பிட்டாரா, காக்?"

காற்று அதிகம், எனக்குக் கேட்கவில்லை, கை மட்டும்தான் தெரிந்தது என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அழுதார். நானும் அழுதேன். கிளம்பும்போது சொன்னார்: மூத்த பிள்ளை போனில் அந்தப் படத்தைத் தேடித் தேடி எடுக்கிறதாம், அப்பா மேலே வருகிறாரா என்று பார்க்கிறதாம். அதை மட்டும் நிறுத்த முடியுமா?

நவம்பர் 25, திங்கள்

பாலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை எடுங்கள், பரிசைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் போட்டி நடத்தியவர்களுக்கும் பேப்பருக்கும் என் பெயர் போட்டு எழுதுவேன் என்றேன்.

"நீ எனக்குப் பொண்டாட்டியா, இல்ல அவங்க ஆளா?"

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதினேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து அனுப்பினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பரிசு போய்விட்டது. பேப்பரில் ஓரமாக நாலு வரி போட்டார்கள். படத்தையும் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார். வருத்தப்பட்டு அல்ல, ஆட்கள் திட்டுவது தாங்காமல். நோராய்னிக்குச் சொன்னேன்.

ஊரே என்னைக் காறித் துப்புகிறது, உனக்குத் திருப்திதானே என்று கேட்டார். சிங்கப்பூரிலேயே, உட்லண்ட்ஸில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திருப்தியா? இல்லை. ஆனால் இன்று சாப்பிட முடிந்தது.

ஜனவரி 18, சனி

மிச்சத் துணிகளை எடுக்க வந்தார். இளைத்திருக்கிறார். காப்பி கலந்து கொடுத்தேன். நான் கேட்காமலேயே சொன்னார்.

"கேமராவுல பாக்குறப்ப அது ஒரு ஆளுன்னே எனக்குத் தோணல ரூபி. லைட்டு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

இதை நம்புகிறேன். அவர் சொன்ன எத்தனையோ பொய்களைவிட இந்த உண்மைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

இன்னும் கோபமா என்று கேட்டார்.

"கோவம்னா இதுக்குள்ள தணிஞ்சிருக்கும்ங்க. உங்களப் பாத்தா எனக்கு இன்னும் வயித்தப் பொரட்டுது."

தலையாட்டினார். பெட்டியைக் கார்வரை இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து வாசலிலேயே நின்று, வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிடட்டுமா என்று கேட்டார்.

வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.