சூளைப் பள்ளத்துக்குப் போகிற வண்டி

கும்மிடிப்பூண்டி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜெனிபருக்கு நைனா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் பெரிய குறை இல்லாமல் எழுந்து நடமாடுகிறோம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறோம். அம்மாவின் முட்டி, மழை வருவதை வானத்துக்கு முன்னால் சொல்லும், இந்த வாரம் இரண்டு முட்டியும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம்ம சபையில் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் பேரன் பெயரில் ஒரு பூசணிக்காய் எடுத்தேன், எதிர் டிரம் யார்டு சரவணகுமார் வேண்டுமென்றே போட்டிக்குக் கேட்டு விலையை ஏற்றிவிட்டான், அவனுக்கு என்னை ஒரு காய்க்காவது செலவு பண்ண வைத்ததில் அவ்வளவு சந்தோஷம். போனில் பேசுகிற நைனா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ பயப்படுவாய். பயப்படத்தான் வேண்டும் அம்மா, அதனால் கடைசி வரை படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

ஜெபா உன்னிடம் வண்டி விஷயம் பேசியதும், தம்பி ஆசைப்படுகிறான் என்று நீ உன் பெயரில் லோன் போட ஒத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். நம்ம பழைய பிக்கப், டிரம் கழுவின தண்ணீர் சொட்டிச் சொட்டித் தளமெல்லாம் அரித்துப்போய், பின்னால் ஏறி நின்றால் கீழே ரோடு தெரிகிறது, அதனால் புது வண்டி எடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கும் அவனுக்கும் சண்டை இல்லை. நான் பிக்கப் என்கிறேன், அவன் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு சேறு, மணல் எல்லாம் ஏறுகிற அந்த ஃபோர் வீல் டிரைவ் என்கிறான். முதலில் வியாபாரமாகவே பார். சிப்காட் கம்பெனிகளில் காலி டிரம் வாங்கி, காஸ்டிக் சோடா போட்டுக் கழுவி, தண்ணீர் பிடிக்கிறவனுக்கும் கட்டட வேலைக்காரனுக்கும் விற்கிறவர்கள் நாம். காலி டிரம் கனக்காது, இடத்தைத்தான் அடைக்கும். பிக்கப்பில் ஒரு வரிசை நிற்க வைத்து மேலே ஒரு வரிசை படுக்க வைத்துக் கயிறு போட்டால் ஒரே நடையில் ஒரு கம்பெனியைக் காலி பண்ணிவிடலாம். அவன் கேட்கிற வண்டியில் பின் சீட்டைக் கழற்றினாலும் மூன்று டிரம் ஏற்றினால் மூச்சு முட்டும், டயர் தேய்ந்தால் அதை மாற்றுகிற செலவில் எனக்கு ஒரு மாத டீசல் ஓடிவிடும். அவன் சொன்னான், "நைனா, பிக்கப்பு வாங்கினு இன்னும் எத்தினி வருசம் டப்பாக்காரன்னே பேரு எடுத்துனு இருப்ப? இது போய் நின்னா கம்பெனி செக்யூரிட்டியே எய்ந்து நிப்பான்." நான், "அவன் எய்ந்து நின்னா டிரம்மு தானா ஏறிக்குமாடா?" என்று கேட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அப்பனும் புள்ளையும் வண்டி வாங்கறதுக்குள்ள நான் பொட்டில போயிடுவேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு வரைக்கும் வீட்டில் இது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் துளசிராமன் என்று ஒரு ஆள் யார்டுக்கு வந்தான். கான்ட்ராக்டர் என்றான், எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டால் எல்லாக் கம்பெனிக்கும்தான் அண்ணே என்றான், அப்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜெபாவுக்கு அவன் முன்னாலேயே பழக்கம். அவனிடம் ஒரு ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது, அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம பிள்ளை ஓட்டிக்கொண்டிருந்தான், நாங்கள் ஆராதனையில் இருக்கும்போது இவன் கிரிக்கெட் ஆடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். துளசிராமன் சொன்னது இதுதான், நம்ம வீட்டுப் பெயரில் அதே மாதிரி ஒரு வண்டி எடுத்தால் மாதாமாதம் நல்ல வாடகைக்கு அவனே வைத்துக்கொள்வானாம், ஜெபாதான் ஓட்ட வேண்டுமாம். லோடு என்ன என்று கேட்டேன். "சும்மா கயிவு டிரம்மு அண்ணே, ஏரிக்கு அந்தாண்ட ஒரு எடத்துல எறக்கணும், ஒரு நடைக்கு ரெண்டு மூணு போதும், அவசரமே இல்ல" என்றான். அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ரோடு இல்லாத இடத்தில் டிரம் வாங்குகிறவன் யாரும் கிடையாது. அவசரம் இல்லாத லோடுக்கு ஒருத்தன் வலிய வந்து கூடுதல் வாடகை தருகிறான் என்றால் அவன் வாடகை தருவது வண்டிக்கு இல்லை. மஞ்சள் போர்டு பிக்கப் லோடோடு போனால் வழியில் நிறுத்திப் பில் எங்கே என்று கேட்பார்கள், வெள்ளை போர்டு காரை ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் நிறுத்துகிறார்கள், குடும்பத்தோடு எங்கேயோ போகிறான் என்று விட்டுவிடுவார்கள். இவ்வளவு வசதி உள்ளவன் இரண்டாவது வண்டியையும் தானே வாங்கிக்கொள்ளாமல் ஏன் உன் பெயரில் வாங்கச் சொல்கிறான் என்பதையும் யோசித்துப் பார். அடுத்த தடவை வந்தபோது, நான் எதுவும் கேட்காமலே, "பொண்ணுக்கு இந்த மாசம் நைட் டூட்டியாமே, பேரன் ஸ்கூல் வேனுக்குத் தனியா நிக்கறானாமே, அந்த ஊரு குளுருல பாவம் அண்ணே" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், டீயையும் குடித்துவிட்டுத்தான் போனான். நீ உன் தம்பியிடம் போனில் சொல்வது யார் காதுக்குப் போகிறது என்று அன்றைக்குப் புரிந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற சின்னராசு வந்தான், ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க நம்மிடம்தான் வெட்டின டிரம் வாங்குவான். அவன் ஆடுகள் சூளைப் பள்ளத்துப் பக்கம் மேய்ந்துவிட்டு வந்து நுரை தள்ளி விழுந்ததாம். "தானியேலு அண்ணே, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டியே, அங்க கெடக்கறது உன் டிரம்மா?" என்று கேட்டான். செங்கல் சூளை மூடின பிறகு அந்தப் பள்ளத்துக்கு யாரும் போவதில்லை. நான் மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன், ஏரி உள்வாய்ச் சேற்றில் பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது, பக்கத்திலேயே அகல டயர் தடம் ஒன்று நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போயிருந்தது. துளசிராமனுக்கு ஏன் அந்த வண்டிதான் வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இறங்கி நடந்தேன். மழைக்கு முன்னால் அந்தக் கரையில் தவளை கத்திக் காதைக் கிழிக்கும், உனக்கே தெரியும், அங்கே ஒன்றும் கத்தவில்லை. பள்ளம் பாதிக்கு நீல டிரம் கிடந்தது. ஒன்றைச் சாய்த்து உருட்டிப் பார்த்தேன், காலி டிரம் நேராக ஓடும், அடியில் சரக்கு இருந்தால் தள்ளாடித் தள்ளாடித் திரும்பும், இது இரண்டு உருட்டில் திரும்பி என் காலிடமே வந்தது. மூடியைத் திறக்கவில்லை, திறக்காமலே வாசனை வந்தது. தின்னர், கோந்து, ஆசிட், சாயம் எல்லாம் மோந்து பார்த்தே விலை சொல்லிப் பிழைத்தவன் நான், இது எனக்குத் தெரியாத வாசனை அம்மா, தித்திப்பாக இருந்தது, வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் தொண்டையில் இருந்தது. எல்லா டிரம்மின் கழுத்திலும் நம்ம மஞ்சள் வளையம். நம்ம யார்டு சரக்கு சரவணகுமார் யார்டு சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்று வெளியே போகிற ஒவ்வொரு டிரம்முக்கும் நாம் அடிக்கிற அதே மஞ்சள் பெயிண்ட்.

ஜெபாவை உட்கார வைத்துக் கேட்டேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நம்ம யார்டிலிருந்து காலி டிரம் எடுத்துப் போய் துளசிராமன் ஆட்களிடம் கொடுத்திருக்கிறான், அவர்கள் எங்கேயோ நிரப்பித் திருப்பிக் கொடுக்கிறார்கள், இவன் பள்ளத்தில் தள்ளிவிட்டு வருகிறான். திருட்டு வேலைக்குப் போகிற டிரம்மிலேயே நம்ம அடையாளத்தை ஏன்டா அடித்தாய் என்று கேட்டால், "கைப்பயக்கம் நைனா, டிரம்மு வெளிய போவுதுன்னா மஞ்சா அடிக்காம கை நிக்கல" என்கிறான். நம்ம வீட்டில் பிறந்தவனைத் தவிர உலகத்தில் யாரும் அப்படி ஒரு தப்பைப் பண்ண மாட்டான். உள்ளே என்ன என்று இவன் கேட்கவில்லையாம், அவர்களும் சொல்லவில்லையாம். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடக்கிறது, சோடா பட்டது என்று அம்மாவை ஏமாற்றியிருக்கிறான், இருமலும் நிற்கவில்லை. நான் நின்னுக்கறேன் என்று துளசிராமனிடம் சொல்லிப் பார்த்தானாம். அதற்கு அவன் இவன் தோளில் கை போட்டு, "அக்கா வண்டி வரட்டும் தம்பி, நடுவுல எறங்கிக்கறதுக்கு இது இன்னா ஷேர் ஆட்டோவா?" என்று கேட்டிருக்கிறான். ஜெனிபர், முதலில் உன் தம்பி அந்த வண்டியை ஆசைக்குத்தான் கேட்டான், இப்போது பயத்துக்குக் கேட்கிறான். உன்னிடம் போனில் சிரித்துப் பேசினால் நம்பாதே.

இப்போது மழை வேறு பிடித்துக்கொண்டது, நேற்றிலிருந்து விட்டு விட்டுப் பெய்கிறது. பாதி நிரம்பின டிரம் தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்காது, மிதக்கும். இப்படியே ஒரு வாரம் பெய்தால் பள்ளம் நிரம்பி, கால்வாய் வழியாக ஒவ்வொன்றாக மஞ்சள் வளையத்தோடு ஏரிக்குப் போய்ச் சேரும், ஏரித் தண்ணீரை யார் யார் குடிக்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அன்றைக்கு டிரம் நம்முடையது, ஓட்டினவன் நம்ம பிள்ளை, வண்டியும் வாங்கியிருந்தால் அது உன் பெயரில் இருக்கும். துளசிராமன் பெயர் எதிலும் இருக்காது. அதனால் நான் முடிவு பண்ணிவிட்டேன். என் பெயரில் பிக்கப் புக் பண்ணியாகிவிட்டது, பின்னால் பாடி இல்லாமல் சேசிஸ் மட்டும். டிரம்முக்கு ஏற்ற மாதிரி உயரமாகக் கூண்டு கட்ட நாமக்கல் எடுத்துக்கொண்டு போ, கட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார் என்று ஜெபாவை அனுப்பப் போகிறேன், அங்கே உன் பீட்டர் மாமா வீட்டில் இருப்பான், அவரிடம் மட்டும் எல்லாம் சொல்லியிருக்கிறேன், கையை ஆஸ்பத்திரியில் காட்டுவதும் அவர் பொறுப்பு. பாடி கட்டுகிறவன் சொன்ன தேதிக்கு எங்கே முடித்திருக்கிறான், அவன் ஏன் திரும்பவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அதையே சொன்னால் நம்புவார்கள். அவன் ஊரைத் தாண்டின பிறகு வருகிற திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் நானே போய் எழுதிக் கொடுத்துவிடுவேன். என் மேலும் கேஸ் வரும், யார்டுக்குப் பூட்டு விழலாம், பிள்ளையையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். யாரோ கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நாமே போய்ச் சொன்னால் நஷ்டம் குறைவு, இதை வியாபாரியாகத்தான் சொல்கிறேன், தகப்பனாக யோசித்தால் எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்குப் பாதிதான் தெரியும், நீ மீதியைச் சொல்லிவிடாதே.

உனக்கு நான் சொல்வது இரண்டுதான். வண்டி வேண்டாம் என்று ஜெபாவிடம் சொல்லாதே, அக்கா மாட்டேன் என்றாள் என்று தெரிந்தால் அவர்களுக்கு அவனால் உபயோகம் இல்லை, பள்ளம் தெரிந்த உபயோகமில்லாத ஆளை என்ன பண்ணுவார்கள் என்று எனக்கு யோசிக்கப் பிடிக்கவில்லை. உனக்குப் பதிலாக இங்கே லோன் பேப்பரில் ஜெபா கையெழுத்துப் போடுவதற்கு நீ கொடுக்க வேண்டிய பவர் பத்திரத்துக்கு எம்பசியில் தேதி அடுத்த மாதம்தான் என்று அவன் சொன்னான், அந்த நம்பிக்கையில்தான் இதைத் தபாலில் போடுகிறேன். தேதி தள்ளிப்போச்சு, பேங்கில் இன்னொரு பேப்பர் கேட்கிறார்கள் என்று இழுத்துக்கொண்டே இரு. பேரனைப் பள்ளிக்கூட வேன் வரைக்கும் இனி யாராவது கூடப் போய் ஏற்றிவிடுங்கள், அவ்வளவு தூரத்துக்கு இவன் கை நீளாது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் போங்கள்.

உங்கள் வாசலைக் கர்த்தர் காக்கட்டும், உன் கைகளால் நீ கவனித்துக்கொள்கிற நோயாளிகளுடைய வாழ்த்தெல்லாம் உன் பிள்ளைக்குச் சேரட்டும். கடைசியாக ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதே. ஜெபா அழுதுகொண்டே கேட்டாலும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. நாளைக்கு நானே போன் பண்ணி, நைனாதான் பேசுகிறேன், எல்லாம் சரியாகிவிட்டது, நீ போட்டுவிடு அம்மா என்று சொன்னாலும் போடாதே, அப்போது என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் நைனா
ம. தானியேல்