கொண்டைக்குருவியை இன்னைக்குப் பறக்க விடுறோம்

மச்சான்,

வெறுங்கூண்டைப் பாத்துப் பதறாதீங்க. கொண்டைக்குருவியை நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறேன். இறக்கை அடிபட்டு விழுந்ததை என் பாலர் வகுப்புப் பிள்ளைகதான் பாசியும் புல்லும் வச்சுக் கூடு கட்டி, கொய்யாப்பழம் பிசைஞ்சு ஊட்டித் தேத்துச்சுக. ராத்திரிக்கு மட்டுந்தான் நம்ம வீட்டுக் கூண்டுல இருந்துச்சு. இன்னைக்கு அதுக கையாலயே பறக்க விடப்போறோம்.

என்னைக் கேக்காம பங்களாக்காரம்மாவுக்கு அதைத் தர்றதா நீங்க வாக்குக் குடுத்தது தப்பு. அவங்க வந்தா, நஜீமா தரமாட்டேன்னுட்டாள்னு சொல்லிடுங்க. ராத்திரி "டீச்சர் வேலையை விட்டுடு"ன்னீங்களே, அதையும் விடமாட்டேன்.

ரொட்டி அடுப்படியில இருக்கு. தொட்டுக்க ஆணத்தைச் சூடு பண்ணிக்குங்க. கடைக்குப் போறப்ப சாவியைப் பக்கத்து வீட்டு ஜஹனாராகிட்ட குடுத்துடுங்க.

நஜீமா

பள்ளிக்கூடத்துக்கே சண்டைக்கு வர்றதா இருந்தா மப்ளரைச் சுத்திட்டு வாங்க. மேகம் இறங்கிக் கெடக்கு, உங்களுக்கு இருமல் இன்னும் விடல.